ஜுபைதா பீவியின் பத்து நாள் வலி

மேலப்பாளையம் ஜுபைதா பீவிக்கு இடுப்பு வலி வந்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் எந்த ஆஸ்பத்திரியில் கேட்டாலும் பத்து நாள்தான். போன ரம்ஜானிலும் பத்து நாள், அதற்கு முந்தின ரம்ஜானிலும் பத்து நாள். ஊரில் மற்றவர்களுடைய வலிக்கெல்லாம் வயது ஏறிக்கொண்டே போகும். இவளுடைய வலி மட்டும் பத்தாம் நாளைத் தாண்ட மாட்டேன் என்று அடம்பிடித்து நின்றது.

பத்து என்ற எண்ணை அவள் சும்மா பிடித்துவிடவில்லை. நன்றாக யோசித்துத்தான் பிடித்தாள். மூன்று நாள் என்றால், இதற்குப் போயா ஓடி வந்தாள் என்பார்கள். ஒரு மாசம் என்றால், இத்தனை நாள் என்ன செய்தாய் என்று கேள்வி வரும். பத்து நாள் என்பது யாரும் எதிர்க்கேள்வி போடாத மரியாதையான கணக்கு.

உண்மையில் வலி வந்த நாள் அவளுக்கு மறக்கவே இல்லை. கணவர் மீரா முகைதீனுக்கு வண்ணார்பேட்டையில் மெத்தைக் கடை. ஈரம் ஏறிப்போன ஒரு பஞ்சு மெத்தையை வீட்டு மொட்டை மாடியில் காயப்போட்டுவிட்டுக் கடைக்குப் போயிருந்தார். ஆடி மாதம். குற்றாலத்துப் பக்கத்திலிருந்து காற்றோடு சாரல் வந்து விழுந்தது. வீட்டில் வேறு ஆள் இல்லை. மகன் சதாம் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறான். மகள் ஃபர்ஹத்தைக் கடையநல்லூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. ஜுபைதா மாடிக்கு ஓடி, பாதி நனைந்த மெத்தையைத் தனியாளாகச் சுருட்டித் தூக்கினாள். மூன்றாவது படியில் இடுப்புக்குள் ஏதோ பட்டென்று பிடித்தது. மெத்தை உருண்டு கீழே போய்ச் சேர்ந்தது. அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு குரல் கொடுத்திருப்பார்கள், அக்கம்பக்கம் ஓடி வந்திருக்கும். ஜுபைதா வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குக் காரணம் அவளே செய்துவைத்த ஒரு காரியம்.

முந்தின வருஷம்தான் ஃபர்ஹத்துக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். பேட்டையில் ஒரு நல்ல இடம் வந்தது. வீடு பார்க்கப் போன ஜுபைதா வீட்டையும் பார்க்கவில்லை, பையனையும் பார்க்கவில்லை. பையனைப் பெற்ற அம்மாள் தரையிலிருந்து எப்படி எழுந்திருக்கிறாள் என்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் ஒரு கையைச் சுவரிலும் ஒரு கையை முழங்காலிலும் ஊன்றி, நடுவில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கி, அப்புறம் எழுந்தாள். திரும்பி வருகிற ஆட்டோவிலேயே ஜுபைதா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"மாப்பிள்ள தங்கம்தான். ஆனா எம்மவ அங்கன போயி மாமியாளுக்கு இடுப்பப் பிடிச்சுவிடவா பொறந்திருக்கா?"

அந்த இடம் அதோடு போயிற்று. இப்போது சதாமுக்குப் பெண் தேட வேண்டும். பெண் வீட்டுக்காரர்கள் எதைப் பார்ப்பார்கள், எங்கே உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மகன் நிக்காஹ் முடிகிறவரை இந்த வலிக்கு வாயே இருக்கக் கூடாது என்று முடிவு கட்டினாள்.

ஆனால் வலிக்கு வாய் இருந்தது. உட்கார்ந்திருக்கும்போது சமாளித்துவிடலாம், படுத்தாலும் பரவாயில்லை. எழுந்திருப்பதுதான் வில்லங்கம். எழும்போது அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல் கிளம்பித் தொண்டைவரை வந்து நிற்கும். அதை விழுங்கிப் பார்த்தாள், முடியவில்லை. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். முனகலை வசவாக மாற்றி வெளியே விட்டாள்.

"ஏலே, கதவச் சாத்துலே!"

கதவைச் சாத்த அந்த வீட்டில் ஒரு பயலும் கிடையாது. அதனால் என்ன? குரல் ஓங்கி ஒலிக்கும், அந்த வேகத்திலேயே இடுப்பு நிமிர்ந்துவிடும், கேட்கிறவர்களுக்கு யாரையோ ஏசுகிறாள் என்று தோன்றும். காலையில் படுக்கையிலிருந்து எழும்போது கதவு, அரிசி பொறுக்கிவிட்டு எழும்போது பூனை, டி.வி. பார்த்துவிட்டு எழும்போது மேலத்தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற ஆள். ஒரு நாளைக்கு இருபது தடவையாவது யாருக்காவது ஏச்சு விழும். தொழுகிற அறையில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று சத்தமில்லாமல் வந்து சேர்ந்தது. விருந்தாளி வருகிற நேரத்தில் அதன் மேல் துவைத்த துணிகள் ஏறிக்கொள்ளும்.

மீரா முகைதீனுக்கு எதுவும் தெரியாது. அவரைக் குறை சொல்லவும் முடியாது. கடைக்கு இடுப்பு வலி என்று யார் வந்தாலும் கட்டிலின் நீளம், ஆளின் எடை, வலப்பக்கம் படுப்பாரா இடப்பக்கம் படுப்பாரா என்று பத்துக் கேள்வி கேட்டு மெத்தை எடுத்துக் கொடுக்கிற மனிதர். தன் மெத்தையில் படுக்கிற இடுப்பைப் பற்றி மட்டும் கேட்க அவருக்குத் தோன்றவில்லை. வயது ஏற ஏற இவளுக்குக் கோபம் ஏறுகிறது என்று எண்ணிக்கொண்டு, அவள் எழுந்திருக்கிற நேரமாகப் பார்த்துச் செருப்பை மாட்டிக் கிளம்பிவிடுவார்.

எட்டு மாதம் தாக்குப்பிடித்த பிறகு ஜுபைதா முதல் தடவையாக டாக்டரிடம் போனாள். மேலப்பாளையத்தில் காட்டினால் சாயங்கால அஸர் தொழுகைக்குள் நாலு தெருவுக்கும் சேதி போய்விடும் என்று ஜங்ஷனுக்குப் போனாள். அங்கேயும் நிம்மதி இல்லை. டோக்கன் போடுகிற பெண் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து, கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி, "இடுப்பு வலியா? எத்தன நாளா?" என்றாள். மூன்றாவது வரிசையில் அவள் தெருக்காரி ஒருத்தி பேரனுக்குச் சளி என்று உட்கார்ந்திருந்தாள்.

"பத்து நாளாத்தான்," என்றாள் ஜுபைதா, அவளுக்கும் கேட்கிற மாதிரி.

சீட்டில் பத்து நாள் என்று ஏறியது. டாக்டர் நல்ல மனுஷர். காலைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார், பாதத்தில் தட்டிப் பார்த்தார், பயப்பட ஒன்றுமில்லை என்றார். பத்து நாள் வலிக்கு ஸ்கேன் எல்லாம் வேண்டாம், படுத்தே கிடக்காமல் நடங்கள், பெரும்பாலும் சில வாரத்தில் தானாகக் குறையும் என்று சொல்லி அஞ்சு நாள் மாத்திரை கொடுத்தார். ஜுபைதாவுக்கு ஏக சந்தோஷம். இரண்டு வாரம் நடந்தாள். வலி அப்படியே இருந்தது. டாக்டருக்குக் கைராசி இல்லை என்று தீர்மானித்து, அடுத்ததாகப் பெருமாள்புரம் போனாள். அங்கே முதலிலிருந்து ஆரம்பித்தாள். பத்து நாள்.

இப்படியே ஜங்ஷன், பெருமாள்புரம், டவுன், பாளையங்கோட்டை என்று நாலு இடம். நாலு டாக்டரும் பேசிவைத்த மாதிரி ஒரே மருந்தும் ஒரே புத்திமதியும் சொன்னார்கள். இந்த ஊர் டாக்டர்களுக்கு வேறு பாடமே தெரியாது போல என்று அவள் மனசுக்குள் திட்டிக்கொண்டாள். அவர்கள் பத்து நாளுக்குத்தான் வைத்தியம் பார்க்கிறார்கள் என்பது மட்டும் அவளுக்கு உறைக்கவில்லை.

அஞ்சாவதாகத் தச்சநல்லூர் போனாள். ஆற்றைத் தாண்டி, இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம். தெரிந்த முகம் ஒன்றுகூட இருக்காது. சாயங்கால நேரம். டாக்டர் வழக்கமான பாட்டைப் பாடிவிட்டு, உள்ளே பயிற்சி அறைக்குப் போய்ப் பிசியோதெரபிப் பெண்ணைப் பாருங்கள் என்றார். உள்ளே முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் மாஸ்க் போட்டுக்கொண்டு குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். ஜுபைதாவைக் கட்டிலில் படுக்கச் சொன்னாள். முதுகைத் தடவிப் பார்த்தாள். "எந்திரிங்கம்மா," என்றாள்.

ஜுபைதா ஒரு கையை ஊன்றினாள்.

"ஏலே, கதவச் சாத்துலே!"

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்தித் தலையைத் தூக்கி மாஸ்க்கை இறக்கினாள். "உங்க வீட்டுக் கதவ இன்னுமா ஒருத்தரும் சாத்தல?" என்றாள்.

ஜுபைதா அப்போதுதான் அந்த முகத்தை முழுசாகப் பார்த்தாள். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக்கொடுத்த அதே பெண்! சித்ரலேகா. காலையில் பாளையங்கோட்டையில் வேலை, சாயங்காலம் சொந்த ஊரான தச்சநல்லூரில் வேலை. ஒரு பிசியோதெரபிக்காரிக்கு இரண்டு ஆஸ்பத்திரி இருக்கலாம் என்பதை ஜுபைதா தன் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டாள்.

"நீங்க பாளையங்கோட்டைக்கு வந்து அஞ்சு மாசம் இருக்கும்," என்றாள் சித்ரலேகா. "அன்னிக்கும் பத்து நாள். இன்னிக்கும் பத்து நாளா?"

"அது போயிட்டும்மா. இது புதுசு."

"அப்படியா. நெசமா எம்புட்டு நாளுன்னு சொல்லுங்க."

"ஒரு மாசம் இருக்கும்."

சித்ரலேகா பேனாவை மூடி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். மீன் கடையில் விலை இறங்குகிறவரை பேசாமல் நிற்பார்களே, அந்த மாதிரி நின்றாள். ஜுபைதா ஆறு மாசத்துக்கு ஏறினாள். அவள் அசையவில்லை. ஒரு வருஷத்துக்கு ஏறினாள். அதற்கும் அசையவில்லை.

"மூணு வருஷம், மூணு மாசம்," என்றாள் ஜுபைதா. ஏறி இறங்கின அஞ்சு ஆஸ்பத்திரியையும் சொன்னாள். சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பி யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள்.

சித்ரலேகா ஏசவில்லை. ஏசியிருந்தால் ஜுபைதா திருப்பி ஏசியிருப்பாள், காரியம் சுலபமாக முடிந்திருக்கும். அந்தப் பெண் ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அம்மா, டாக்டர்மாரு சொன்னது தப்பே இல்ல. நீங்க சொன்ன நாளுக்கு அதான் சரி. புதுசா வந்த வலி, முக்காவாசிப் பேருக்கு ஒண்ணரை மாசத்துல நல்லாவே குறைஞ்சிரும். அதுக்கு நாங்க பெருசா ஒண்ணும் செய்ய வேண்டாம். மூணு மாசம் தாண்டிட்டா கதையே வேற. உடம்பு பயந்து பயந்து குனியப் பழகிரும், தசை சோர்ந்துரும். மனசும் அந்த வலியையே பாத்துக்கிட்டு இருக்கும். அதுக்கு மாசக்கணக்குல பயிற்சி செய்யணும். நீங்க என்ன செஞ்சிருக்கீங்க? அஞ்சு தடவ முதல் ரெண்டு வாரத்து வைத்தியத்தயே பாத்திருக்கீங்க. மூணாவது வாரத்த ஒரு தடவகூடப் பாக்கல."

ஜுபைதா முந்தானையைச் சரி செய்துகொண்டாள். "அப்ப அன்னிக்கே வந்திருந்தா, இம்புட்டு இருந்திருக்காதோ?"

"இருந்திருக்காதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா வாய்ப்பு கூடுதலா இருந்திருக்கும். ஒரே பயிற்சிய மூணு வாரத்து வலிக்காரங்களுக்கும் மூணு வருஷத்து வலிக்காரங்களுக்கும் கொடுத்தா, மூணு வாரத்துக்காரங்க சீக்கிரம் எந்திரிச்சுப் போயிருவாங்க. உங்களுக்குப் பைய பையத்தான் குறையும். முழுசாப் போகாமலும் இருக்கலாம். பாதி குறைஞ்சாலே பெரிய காரியம்."

பாதி என்ற சொல் ஜுபைதாவைச் சுட்டது. மெத்தை உருண்ட அன்றைக்கே வாயைத் திறந்திருந்தால் முழுசும் கிடைத்திருக்குமோ என்னவோ. தன் இடுப்பில் பாதியைத் தானே தாரை வார்த்துவிட்டோம் என்று நினைத்தபோது அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தில், என்ன செய்ய வேண்டும் சொல்லு என்றாள்.

பன்னிரண்டு வாரம் என்றாள் சித்ரலேகா. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மேலே தூக்க வேண்டும். நாலு காலில் நின்று ஒரு கையையும் எதிர்ப்பக்கத்துக் காலையும் நீட்ட வேண்டும். தினம் அரை மணி நேரம் நடக்க வேண்டும். "வீட்ல ஒருத்தருட்டயாவது சொல்லிட்டுச் செய்யுங்க. ஒளிச்சுச் செஞ்சா ரெண்டு வாரத்துல விட்ருவீங்க," என்றும் சொன்னாள். முதலில் சொன்னதையெல்லாம் ஜுபைதா அப்படியே கேட்டாள். கடைசியில் சொன்னதை மட்டும் தச்சநல்லூரிலேயே விட்டுவிட்டு வந்தாள்.

ஒளித்துச் செய்வதில் கஷ்டங்கள் இருந்தன. ஒரு நாள் மீரா முகைதீன் கடைச் சாவியை மறந்து திரும்பி வந்தவர், மனைவி நாலு காலில் நின்று ஒரு காலைப் பின்னால் நீட்டியிருப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏளா, என்ன செய்யுத?"

"கட்டிலுக்கு அடியில கம்மல் விழுந்துட்டு. தேடுதேன்."

"காலையுமா நீட்டித் தேடுவாவ?"

"போங்க அங்கிட்டு, வெளிச்சத்த மறைக்காதீய!"

அவரும் போய்விட்டார். அதற்கடுத்த நாளும் கம்மல் விழுந்தது. அந்த மாசம் முழுக்க விழுந்துகொண்டே இருந்தது. அவரும் ஒரு தடவையாவது கிடைத்ததா என்று கேட்டிருக்கலாம்.

இரண்டு வாரம் தாண்டியது. மூன்றாவது வாரத்தை ஜுபைதா முதல் தடவையாகப் பார்த்தாள். அது ஒன்றும் விசேஷமாக இல்லை. வலி இன்னும் கூடின மாதிரிகூட இருந்தது. போனில் கேட்டதற்கு, இடுப்பு பழகுகிறது, விடாதீர்கள் என்றாள் சித்ரலேகா. அஞ்சாவது வாரம் ஒரு காலையில் படுக்கையிலிருந்து எழுந்தபோது யாரையும் ஏசாமல் எழுந்துவிட்டோம் என்று அவளுக்கே பாத்ரூம் போன பிறகுதான் தெரிந்தது. சந்தோஷத்தில் பல் தேய்க்க மறந்துவிட்டாள்.

இந்த நேரத்தில்தான் ஏர்வாடி இடம் வந்தது. கல்யாணம் பேசி முடிக்கிற நூகு அண்ணன் கொண்டுவந்த இடம். பெண் நஃபீஸத், பி.எஸ்ஸி. படித்தவள், போட்டோவில் பார்த்ததுமே சதாம் ஷார்ஜாவிலிருந்து சரி என்றுவிட்டான். ஜுபைதா நேரில் போய்ப் பார்த்தாள். பிடித்துப்போயிற்று. அந்தப் பெண் டீ கொடுத்துவிட்டுக் கண்ணைப் பார்த்துச் சிரித்ததில் மனசு அங்கேயே தங்கிவிட்டது. இரண்டு வருஷத்தில் ஏழு இடம் தட்டிப்போயிருந்தது. எட்டாவதும் போய்விட்டால் தாங்காது என்று அவள் தினம் துஆ கேட்டாள்.

ஆனால் ஏர்வாடிக்காரர்கள் இழுத்தார்கள். "தெருவுல விசாரிச்சிருக்காவ போலருக்கு. ஏதோ யோசிக்காவ. என்னன்னு சொல்ல மாட்டுக்காவ," என்றார் நூகு. இடுப்பு விஷயம் எப்படியோ வெளியே போய்விட்டது என்று ஜுபைதா எண்ணிக்கொண்டாள். வீடு பார்க்க வருகிறவர்கள் முன்னால் பதினெட்டு வயதுக்காரி மாதிரி எழுந்து காட்ட வேண்டும் என்று, செய்கிற பயிற்சியை இரண்டு மடங்காக்கினாள்.

ஆறாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். பெண்ணின் தாயார் ஆபிதா பீவி, அவளுடைய அக்கா, இன்னும் ஒரு உறவுக்காரி. ஆண்கள் முன் ஹாலில் மீரா முகைதீனோடும் நூகுவோடும் உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு திரைச்சீலை. உள்ளே பெண்களுக்குத் தரையில் விரிப்பு. நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும் தாளிச்சாவும். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே பெரிய தட்டில் சாப்பிடுகிற சஹன் சாப்பாடு. தனித்தட்டு என்றால் இடையில் பரிமாறுகிற சாக்கில் எழுந்து எழுந்து உட்காரலாம். சஹனில் அந்தச் சௌகரியம் கிடையாது. நாலு பேரும் முடிக்கிறவரை நாலு பேரும் அசையக் கூடாது. மாமியார்களைச் சோதிக்க இதைவிட நல்ல ஏற்பாட்டை யாராலும் யோசித்திருக்க முடியாது.

ஆபிதா பீவி நிதானமாகச் சாப்பிடுகிறவள். ஒவ்வொரு எலும்பையும் பேசிக்கொண்டே தீர விசாரித்தாள். கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று, முக்கால் மணியும் நெருங்கியது. ஜுபைதாவின் இடுப்பில் மெதுவாகக் கம்பி முறுக்குகிற மாதிரி இருந்தது. சிரித்த முகம் மாறாமல் கறித்துண்டுகளை விருந்தாளிகள் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தாள். கடைசியில் ஆபிதா பீவி, "அல்ஹம்துலில்லாஹ்," என்று கையை எடுத்தாள்.

மூன்று பேரும் எழுந்துவிட்டார்கள். ஜுபைதா ஒரு முழங்காலை மடக்கினாள், உள்ளங்கையை ஊன்றினாள், பல்லைக் கடித்தாள். சத்தம் வரக் கூடாது என்று படைத்த ரப்பைக் கெஞ்சினாள். பாதி தூரம் வந்தாள். அந்த இடத்தில் கம்பி அறுந்தது.

"ஏலே, கதவச் சாத்துலே!"

கதவு சாத்தித்தான் இருந்தது. ஏர்வாடிப் பெண்கள் மூவரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள்.

"இதத்தான் சொன்னாவ," என்றாள் ஆபிதா பீவி பைய. "நான் ஒளிச்சுப் பேச மாட்டேன். உங்க தெருவுல கேட்டோம். நல்ல குடும்பம், பையன் சொக்கத்தங்கம், மாமியாளுக்கு மட்டும் வாய் ஜாஸ்தி, எந்திரிக்கும்போதெல்லாம் யாரயாவது ஏசுவான்னாவ. எம்மவ சத்தம் போட்டுப் பேசினாலே கண்ணு கலங்கிருவா. அதான் யோசிச்சோம்."

ஜுபைதா அலமாரியைப் பிடித்துக்கொண்டு, முழுசாக நிமிராமலே நின்றாள். மூன்று வருஷமாக எதற்குப் பயந்தாளோ அது இல்லை இது! இடுப்பைக் காப்பாற்றப் போய்ப் பேரைக் கெடுத்துக்கொண்டிருக்கிறாள். தெரு முழுக்க அவளைக் கோபக்காரி என்கிறது, அவளுக்கு மட்டும் தெரியவில்லை. சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. இப்போது வாயை மூடினால் ராட்சசி. திறந்தால் நோயாளி. இரண்டில் எதைச் சொன்னாலும் ஏர்வாடி கை நழுவிப் போகலாம்.

"எனக்குக் கோவமே கெடையாது, மைனி," என்றாள். "இது இடுப்பு வலி. எந்திரிக்கும்போது கத்தாம முடியாது. வலிக்குன்னு கத்துனா ஊருக்குத் தெரிஞ்சிரும், எம்மவனுக்குப் பொண்ணு கெடைக்காதுன்னு, ஏசுத மாதிரி கத்திக்கிட்டு இருந்தேன்."

"ஆஸ்பத்திரில பத்து நாளா இடுப்பு வலின்னு சொன்னீயன்னு உங்க தெருக்காரி ஒருத்தி சொன்னாளே. அதுவா?" என்றாள் ஆபிதாவின் அக்கா.

"பத்து நாளு இல்ல. மூணு வருஷம் நாலு மாசம். இப்பத்தான் ஆறு வாரமா ஒழுங்கா வைத்தியம் பாக்கேன். பாதி குறைஞ்சாலே பெருசுன்னுட்டா அந்தப் புள்ள. முழுசாப் போகாது போல. இதான் உள்ளது."

திரைக்கு அந்தப் பக்கம் ஆண்களின் பேச்சு நின்றுவிட்டது. மீரா முகைதீன் கறிக் கையோடு திரையோரம் வந்து நின்றார். "மூணு வருஷமாவா?" என்றார்.

ஏர்வாடிக்காரர்கள் கை கழுவினார்கள், வெற்றிலை எடுத்துக்கொண்டார்கள், கலந்து பேசிச் சொல்கிறோம் என்று வேனில் ஏறிவிட்டார்கள். நூகு அண்ணன் மட்டும், "உண்மையச் சொல்லுததுக்கு இதாளா நேரம்?" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா," என்றார் மீரா முகைதீன், எல்லோரும் போன பிறகு.

"நீங்க நூகு அண்ணன்கிட்ட சொல்லியிருப்பீய."

அவர் யோசித்துப் பார்த்தார். "ஆமா. சொல்லியிருப்பேன்," என்று ஒத்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. மறுநாள் காலையில் கடையைத் தாமதமாகத் திறந்தார். மனைவி இடுப்பைத் தூக்கித் தூக்கி இறக்க, பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையாவது என்று எண்ணினார். நடுவில் எண்ணிக்கை தவறி அவளிடம் ஏச்சும் வாங்கினார். இது அசல் ஏச்சு.

ஏர்வாடியிலிருந்து இரண்டு நாளாகத் தகவல் இல்லை. எட்டாவது இடமும் போயிற்று என்று ஜுபைதா மனசைத் தேற்றிக்கொண்டாள். தேறவில்லை. டீக் கிளாஸை நீட்டிச் சிரித்த அந்த முகம் திரும்பத் திரும்ப வந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"மாமி, நான் நஃபீஸத் பேசுதேன்."

பேசி முடிக்காத வீட்டுக்குப் பெண்ணே போன் போடுவது கேள்விப்படாத சங்கதி. உம்மாவிடம் கொடு என்று சொல்ல ஜுபைதா வாயெடுத்தாள்.

"உம்மாக்குத் தெரியாது மாமி. தூங்குதாவ. எங்க வீட்ல மூணு நாளா உங்க இடுப்பப் பத்தித்தான் பேச்சு. வேலையெல்லாம் எந்தலைல விழுமாம், பெரியம்மா சொல்லுதாவ. வேலைக்கெல்லாம் நான் பயப்படல." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எனக்கு ஒத்தத் தலைவலி உண்டு, மாமி. எட்டாம் வகுப்புலருந்து. மாசத்துல ரெண்டு நாள் வெளிச்சத்தயே பாக்க முடியாது. கல்யாணம் ஆகுத வரைக்கும் வெளிய சொல்லக் கூடாதுன்னு உம்மா சத்தியம் வாங்கியிருக்காவ. டாக்டர்கிட்டகூடப் போனதில்ல. எல்லாரும் இருக்கும்போது நீங்க மூணு வருஷம் நாலு மாசம்னு சொன்னீயளாம்லா. அதக் கேட்டதுலருந்து எனக்கு ஒண்ணு கேக்கணும்னு இருக்கு."

"கேளு, மவளே."

"உங்க வீட்டுக்கு வந்தா, வலிச்சா வலிக்குன்னு சொல்லலாமா?"

ஜுபைதா தரையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். பொய் சொல்லி அவளுக்குப் பழக்கம் அதிகம், ஆனாலும் அந்தப் பெண்ணிடம் சொல்ல மனசு வரவில்லை.

"இந்த வீட்ல இதுவரைக்கும் சொல்ல முடியல, தாயி. யாரும் தடுக்கல, நான்தான் வாயப் பொத்தி வச்சிருந்தேன். அதுல பாதி இடுப்பு போச்சு. நீ வா. வந்த அன்னிக்கே ரெண்டு பேருமா டாக்டர்கிட்ட போவோம். எட்டாம் வகுப்புலருந்துன்னு நல்லா சத்தமாச் சொல்லு. நான் பக்கத்துல நிக்கேன்."

மறுமுனையில் அந்தப் பெண் அழுவது கேட்டது. அழட்டும் என்று ஜுபைதா போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.